சொந்த வண்டி, பிறர் உரிமம்: அமெரிக்க லாரித் தொழிலில் குத்தகை முறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெடுந்தூரச் சரக்குப் போக்குவரத்தில், சொந்தப் பணத்திலோ கடனிலோ ஒரு லாரியை வாங்கி அதைத் தானே ஓட்டிப் பிழைப்பவருக்கு 'ஓனர்-ஆபரேட்டர்', அதாவது உரிமையாளர்-ஓட்டுநர், என்று பெயர். அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. மாநில எல்லைகளைக் கடந்து பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றும் இயக்க உரிமத்தைக் கூட்டாட்சி அரசிடமிருந்து தன் பெயரிலேயே பெற்று, லோடு பிடிப்பது முதல் வாடகை வசூலிப்பது வரை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வது ஒன்று. அத்தகைய உரிமம் பெற்ற ஒரு போக்குவரத்து நிறுவனத்துக்கு வண்டியைக் குத்தகையாக ஒப்படைத்து, அந்நிறுவனத்தின் பெயரையும் பதிவெண்ணையும் கதவில் தாங்கி, அது தரும் சரக்கை ஏற்றிச் செல்வது மற்றொன்று. இவ்விரண்டில் எது மேல் என்பது அங்கு நெடுங்காலமாக ஓயாமல் விவாதிக்கப்பட்டு வரும் கேள்வி.

குத்தகை என்ற சொல்லே இங்கு தமிழ் வாசகரைச் சற்றுத் திசைதிருப்பக்கூடும். நம் ஊர் வழக்கில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் வரப்போடு நின்றுவிடுவார்; ஏர் பிடிப்பவர் வேறொருவர். அமெரிக்க லாரிக் குத்தகையிலோ, குத்தகைக்கு விட்டவரே ஏரையும் பிடிக்கிறார். வண்டிக் கடனின் தவணை, டயர், என்ஜின் பழுது ஆகியவை அவர் தலையில். ஆனால் சட்டத்தின் வாசகப்படி, குத்தகைக் காலம் முழுவதும் அந்த வண்டியின் முழு உடைமையும் கட்டுப்பாடும் பயன்பாடும் நிறுவனத்துக்கே உரியவை. உரிமையும் கட்டுப்பாடும் இவ்வாறு இரண்டாகப் பிளக்கப்படுவதுதான் இந்த ஏற்பாட்டின் சாரம். வழக்கமான விவாதங்கள் இதைச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான தேர்வாகச் சித்திரிக்கின்றன. எந்த இடர் யார் கணக்கில் ஏறுகிறது, அதற்கான விலை கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்பதே பொருளுக்கு நெருக்கமான கேள்வியாக இருக்கும்.

இந்த ஏற்பாடு பிறந்த கதையில் சந்தையைவிடச் சட்டத்துக்கே பங்கு அதிகம். 1935ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம், மாநிலங்களுக்கு இடையிலான கூலிச் சரக்குப் போக்குவரத்தை, அதுவரை ரயில்வேயைக் கண்காணித்து வந்த மாநிலங்களிடை வணிக ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தது. எந்த நிறுவனம், எந்தத் தடத்தில், எந்தச் சரக்கை, என்ன கட்டணத்தில் ஏற்றலாம் என்பதெல்லாம் ஆணையத்தின் பிடிக்குள் வந்தன. ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களுக்கு உரிமம் எளிதாகக் கிடைத்தது. புதிதாக நுழைய விரும்பிய தனி மனிதருக்குக் கதவு ஏறக்குறைய மூடியே இருந்தது. பதப்படுத்தப்படாத வேளாண் விளைபொருள்கள் மட்டும் விதிவிலக்கு. கலிபோர்னியாவின் கீரையையும் பழத்தையும் கிழக்குக் கரைக்கு ஏற்றிச் செல்லத் தனி லாரிக்காரருக்குத் தடையில்லை; திரும்பி வருகையில் அங்கிருந்து ஒரு தொழிற்சாலைச் சரக்கை ஏற்ற உரிமம் வேண்டும். இந்த விதிவிலக்கின் எல்லை எங்கே முடிகிறது என்ற சச்சரவு உச்ச நீதிமன்றம் வரை போனது. இறகு நீக்கி உறையவைக்கப்பட்ட கோழி பண்ணைப்பொருளா, ஆலைப்பொருளா என்று 1956இல் நீதிபதிகள் அமர்ந்து ஆராய்ந்து, அது ஆலைப்பொருள் அன்று எனத் தீர்ப்பளித்தனர்.

ரிட்டர்ன் லோடு இல்லாமல் காலி வண்டியாகத் திரும்பினால் போன லாபமும் கரைந்துவிடும் என்பது உலகத்தின் எந்த நெடுஞ்சாலையிலும் மாறாத கணக்கு. ஆகவே உரிமமற்ற லாரிக்காரர், உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு ஒரே ஒரு பயணத்துக்கு வண்டியைக் குத்தகைக்கு விட்டு, அந்நிறுவனத்தின் பெயரில் சரக்கேற்றித் திரும்பினார். இது உரிமத்தையே வாடகைக்கு விடும் உத்தி என்று கண்ட ஆணையம், குத்தகைக்குக் குறைந்தது 30 நாள் காலவரை வேண்டும் என்பது உள்ளிட்ட விதிகளை வகுத்தது. உச்ச நீதிமன்றம் 1953இல் அவ்விதிகளை ஏற்றது. நிறுவனத்துக்கு முழுக் கட்டுப்பாடு என்ற நிபந்தனையின் வேர் இங்கேதான் இருக்கிறது. சாலையில் விபத்து நேர்ந்தால் பதில் சொல்லவேண்டியவர் யார் என்ற குழப்பம் பொதுமக்களுக்கு நேரக்கூடாது என்பது அதன் நோக்கம். ஓட்டுநரின் நலன் அன்று அவ்விதிகளின் கணக்கில் இல்லை.

ஓட்டுநரின் நலன் சட்டத்தின் கண்ணில் பட 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடியில் டீசல் விலை ஏறியபோது, ஆணையம் நிர்ணயித்த கட்டணம் உடனே ஏறவில்லை. இடையில் நசுங்கியவர்கள் உரிமையாளர்-ஓட்டுநர்களே. அவ்வாண்டு டிசம்பரில் அவர்கள் நெடுஞ்சாலைகளை மறித்தார்கள். இன்று மிசௌரி மாநிலத்தின் கிரெய்ன் வேலியில் தலைமையகம் கொண்டுள்ள அவர்களது சங்கமான 'ஊய்டா' அதே ஆண்டில் உருவானது. நிறுவனங்கள் பணத்தைத் தாமதமாகத் தருவதும், விளக்கமின்றிப் பிடித்தம் செய்வதும், வைப்புத்தொகையைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பதும் அடுத்த சில ஆண்டுகளில் பொது விசாரணைக்கு வந்தன. அதன் விளைவாக 1979இல் ஆணையம் வெளியிட்ட விதித்தொகுப்பு 'குத்தகையில் உண்மை' என்ற பெயரால் அறியப்படுகிறது. 1980 ஜூலை 1 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் தொழிலில் நுழைவதற்கான தடைகளைப் பெருமளவு தளர்த்தியது; 1995 இறுதியில் ஆணையமே கலைக்கப்பட்டது. குத்தகை விதிகளோ பிழைத்து, இன்றும் நடைமுறையில் உள்ளன.

இன்று எவரும் 300 டாலர் விண்ணப்பக் கட்டணம் செலுத்தி, காப்பீட்டுச் சான்றையும் சில ஆவணங்களையும் தாக்கல் செய்து இயக்க உரிமம் பெறலாம். அப்படியானால், உரிமம் அரிதாக இருந்த காலத்தின் ஏற்பாடு உரிமம் மலிந்த காலத்திலும் ஏன் நீடிக்கிறது? உரிமம் மலிவானபோது காப்பீடு விலை உயர்ந்தது என்பது விடையின் பெரும்பகுதி. பொதுச் சரக்கு ஏற்றும் கனரக வண்டிக்குச் சட்டம் கோரும் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு 7.5 லட்சம் டாலர். ஆனால் பெரும்பாலான தரகர்களும் சரக்கு உரிமையாளர்களும் 10 லட்சம் இல்லாமல் லோடு தருவதில்லை. ஏற்றப்படும் சரக்குக்கு வழக்கமாக ஒரு லட்சம் டாலர் காப்பீடு தனி. புதிதாக உரிமம் பெற்ற ஒற்றை வண்டிக்காரரிடம் காப்பீட்டாளர்கள் கேட்கும் பிரீமியம் கனமானது. குத்தகையில் இந்தப் பொறுப்புக் காப்பீடு சட்டப்படி நிறுவனத்தின் கடமை. வண்டிக்காரர் தன் வண்டிக்கான சேதக் காப்பீட்டையும், லோடு இல்லாமல் சொந்த வேலையாக ஓட்டும் நேரத்துக்கான சிறு காப்பீட்டையும் எடுத்தால் பெரும்பாலும் போதும்.

மீதிப் பகுதி காசோட்டத்தைச் சார்ந்தது. சரக்கை இறக்கியபின் தரகரோ சரக்கு உரிமையாளரோ பணம் தர 30 நாள், 45 நாள் ஆகலாம். டீசலுக்கோ இன்றே பணம் வேண்டும். தனித்து இயங்குபவர் தன் பில்களை ஒரு நிதி நிறுவனத்திடம் தள்ளுபடியில் விற்று உடனே பணமாக்கிக்கொள்கிறார். 'ஃபேக்டரிங்' எனப்படும் இந்த வழியில் ஒவ்வொரு பில்லிலும் சில சதவீதம் போய்விடும். குத்தகையில், தேவையான ஆவணங்களை ஒப்படைத்த 15 நாளுக்குள் நிறுவனம் பணம் தந்தாக வேண்டும் என்பது விதி. வாரந்தோறும் தருவதே பரவலான வழக்கம். சரக்கு உரிமையாளர் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்காமல் ஏமாற்றினாலும் அந்த 15 நாள் மாறாது. எரிபொருள் அட்டை வழியே கிடைக்கும் மொத்த விலைத் தள்ளுபடி, நிறுவனத்தின் டிரெய்லர், மாநிலவாரி எரிபொருள் வரிக் கணக்கைப் பார்க்க ஓர் அலுவலகம் ஆகியவையும் சேர்ந்தால், வாரத்தில் ஐந்தாறு நாள் சாலையிலேயே உறங்குபவருக்கு இவை சிறிய உதவிகள் அல்ல.

இனி ஊதியம். இதில் இரு முறைகள் உண்டு. ஓடிய மைலுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை தருவது ஒன்று. சரக்கு ஈட்டிய வாடகையில் இத்தனை சதவீதம் எனப் பங்கு தருவது மற்றொன்று. வேளாண்மையில் குத்தகைக்கும் வாரத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கும் பொருந்தும். மைல் கணக்கில் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் வண்டிக்காரர் அதே தொகையைப் பெறுகிறார், ஏற்றத்தின் ஆதாயம் நிறுவனத்துக்கே போகிறது. சதவீதக் கணக்கில் விளைச்சலும் வறட்சியும் இருவருக்கும் பொது. சதவீத முறையில் பெறுபவருக்குச் சட்டம் கூடுதலாக ஓர் உரிமையைத் தருகிறது: சரக்கின் கட்டண பில்லின் நகலை நிறுவனம் அவருக்குக் காட்டியாக வேண்டும். வாடிக்கையாளரின் பெயரை மறைக்கலாம், தொகையை மறைக்கக் கூடாது. களத்து மேட்டில் நெல்லை அளக்கும்போது வாரதாரர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதைப் போன்ற ஏற்பாடு இது.

ஆனால் சதவீதத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது பெரும் பிழைக்கு இட்டுச் செல்லும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் மைல் ஓடும் வண்டிக்கு, சரக்கு உரிமையாளர் மைலுக்கு 2.40 டாலர் தருகிறார் எனக் கொண்டால் மொத்த வாடகை 2,40,000 டாலர். நிறுவனம் 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் வண்டிக்காரருக்கு 1,68,000. இதைக் கண்டு, தனித்து ஓடியிருந்தால் 72,000 டாலர் மிஞ்சியிருக்கும் என்று கணக்கிடுபவர் பலர். தனித்து இயங்கும் ஒற்றை வண்டிக்காரருக்கோ சரக்கு உரிமையாளரின் வாசல் எளிதில் திறப்பதில்லை. அவர் தரகர் மூலமே லோடு பிடிக்கிறார். தரகர் 15 சதவீதம் எடுத்தால் அவர் கைக்கு வருவது 2,04,000. உண்மையான வேறுபாடு 36,000. காப்பீடு, டிரெய்லர், ஃபேக்டரிங், கணக்கர் கூலி எல்லாம் அதிலிருந்தே போகவேண்டும். மாறாக, குத்தகை எடுத்த நிறுவனமே அந்த லோடைத் தரகரிடமிருந்து வாங்கியிருந்தால் கணக்கு வேறு பக்கம் சாய்கிறது: 2,04,000இல் 70 சதவீதம் 1,42,800 மட்டுமே. இரண்டு இடைத்தரகர்களின் பங்கு ஒரே வாடகையில் கழிகிறது. எனவே ஒரு நிறுவனத்திடம் முதலில் கேட்கத்தக்கது எத்தனை சதவீதம் என்பதன்று, அதன் சரக்கில் எவ்வளவு நேரடியாக வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்பதே. விளம்பரங்களில் இந்த எண்ணைக் காண்பது அரிது.

இந்த எடுத்துக்காட்டுத் தொகைகள் வருமானம் அல்ல, வரவு மட்டுமே என்பது நினைவில் இருக்கவேண்டும். அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, நிறுவன வண்டிகளை இயக்க மைலுக்கு ஆன சராசரிச் செலவு, ஓட்டுநர் ஊதியம் உட்பட, 2022இல் 2.251 டாலர், 2023இல் 2.270 டாலர். தனி வண்டிக்காரரின் செலவு இதிலிருந்து மாறுபடலாம். ஆனாலும், வரவுக்கும் செலவுக்கும் இடையே உள்ள இடைவெளி எவ்வளவு மெல்லியது என்பதற்கு இவ்வெண்கள் போதிய சான்று. வண்டியின் வாடகையும் ஓட்டுநரின் கூலியும் ஒரே தொகையாகக் கலந்து வருவதால், வண்டித் தேய்மானத்தைக் கூலியாக எண்ணிச் செலவழித்துவிடுவது எளிது. இந்தக் கலப்பின் ஆபத்தைத் தொழிற்சங்கங்கள் முன்பே கண்டிருந்தன. குத்தகை வண்டிகளுக்குக் குறைந்தபட்ச வாடகையை ஒப்பந்தத்தில் நிர்ணயிக்க டீம்ஸ்டர்ஸ் சங்கம் முனைந்தபோது, வண்டி வாடகை போதாவிட்டால் பற்றாக்குறை கூலியைத்தான் தின்னும் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1959இல் ஒப்புக்கொண்டது. கூட்டுபேரம் இன்று குத்தகைக்காரர்களிடையே பெரும்பாலும் இல்லாததால், அந்தப் பிரித்தறிவைக் கூட்டு ஒப்பந்தத்துக்குப் பதில் வண்டிக்காரரின் கணக்கு நோட்டே செய்யவேண்டியிருக்கிறது.

அதே நோட்டில் அடுத்து இடம்பெறவேண்டியவை பிடித்தங்கள். காப்பீடு, டிரெய்லர் வாடகை, மின்னணு ஓட்டப் பதிவுக் கருவி, நிர்வாகக் கட்டணம், சேதமான சரக்கு என்று வாரக் கணக்குச் சீட்டில் வரிகள் நீள்கின்றன. என்னென்ன பிடிக்கப்படும், தொகை எப்படிக் கணக்கிடப்படும் என்பது குத்தகைப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், அதைச் சரிபார்க்கும் ஆவணங்களைக் கேட்டால் தரவேண்டும், எந்தப் பொருளையும் நிறுவனத்திடமிருந்தே வாங்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று விதிகள் சொல்கின்றன. 'எஸ்க்ரோ' எனப்படும் வைப்புத்தொகை, அதாவது பிற்கால நிலுவைகளுக்காக நிறுவனம் பிடித்து வைக்கும் பணம், பற்றி விதி இன்னும் கறாரானது: அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும், 91 நாள் கருவூலப் பத்திரங்களின் ஈட்டத்துக்குக் குறையாத வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறையேனும் தரவேண்டும், குத்தகை முடிந்த 45 நாளுக்குள் மீதியைத் திருப்பித் தரவேண்டும். மீறும் நிறுவனத்தின் மீது வண்டிக்காரரே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். ஊய்டா சங்கம் அப்படிப் பல வழக்குகளை நடத்தியிருக்கிறது. ஆயினும் இவ்விதிகளின் எல்லையை மறைக்க வேண்டியதில்லை. அவை வெளிப்படைத்தன்மையைக் கோருகின்றன, நியாயத்தைக் கோரவில்லை. மோசமான நிபந்தனையைத் தெளிவாக எழுதிவைத்தால் அது பெரும்பாலும் செல்லும்.

கட்டுப்பாட்டைப் பற்றிய கேள்வி இன்னும் சிக்கலானது. நிறுவனத்தின் பாதுகாப்புப் பதிவில் குத்தகை வண்டியின் ஒவ்வொரு மீறலும் ஏறுவதால், வேக வரம்பு, வண்டிக்குள் கேமரா, பரிசோதனை நாள் எல்லாவற்றையும் நிறுவனம் விதிக்கிறது. லோடை மறுக்கும் உரிமை ஏட்டில் இருக்கும். மறுத்தவருக்கு அடுத்த லோடு எப்போது வரும் என்பதில்தான் அந்த உரிமையின் உண்மை மதிப்பு தெரியும். நிறுவனத்துக்கு நிறுவனம் இதில் பெரும் வேறுபாடு உண்டு. புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் இயங்கும் லேண்ட்ஸ்டார், பெரும்பாலும் குத்தகை வண்டிகளையே நம்பி, வாடகையில் பங்கு தந்து, லோடுகளைப் பட்டியலிட்டு வண்டிக்காரரே தேர்ந்தெடுக்க விடும் முறையைக் கொண்டது. வேறு பல நிறுவனங்களில் உரிமையாளர்-ஓட்டுநருக்கும் சம்பள ஓட்டுநருக்கும் லோடு ஒதுக்கப்படும் விதத்தில் வேறுபாடே தெரியாது.

வேறுபாடு தெரியாத அந்த இடத்தில்தான் சட்டத்தின் அடுத்த கேள்வி எழுகிறது: இவர் சுயேச்சை ஒப்பந்தக்காரரா, ஊழியரா? ஒப்பந்தக்காரர் என்றால் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளின் இரு பங்கையும் சேர்த்து 15.3 சதவீதத்தை அவரே கட்டவேண்டும். வேலையிடத்தில் அடிபட்டால் கிடைக்கும் சட்டபூர்வ இழப்பீடும் பொதுவாக இல்லை. முழுக் கட்டுப்பாடு என்ற குத்தகை வாசகம் மட்டுமே ஒருவரை ஊழியராக்கிவிடாது என்று கூட்டாட்சி விதியே கூறுகிறது. கலிபோர்னியாவோ 2019இல் இயற்றிய ஏபி-5 சட்டத்தில், நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்குள் அடங்கும் வேலையைச் செய்பவர் ஊழியரே என்ற கடுமையான அளவுகோலைக் கொண்டுவந்தது. லாரித் தொழிலுக்கு விலக்குக் கேட்ட வழக்கை 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அடுத்த மாதம் ஓக்லாந்து துறைமுகத்தை மறித்துப் போராடியவர்கள், எவரைக் காக்க அச்சட்டம் இயற்றப்பட்டதாகச் சொல்லப்பட்டதோ அதே லாரிக்காரர்கள். இதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது, சரியன்று. வண்டியை வாங்கக் கடன்பட்டவருக்கு ஊழியர் என்ற தகுதி, அந்த முதலீட்டையே பொருளற்றதாக்கிவிடும் ஒன்றாகத் தெரிந்தது.

இவ்வளவும் சொந்த வண்டியைக் குத்தகைக்கு விடுபவரைப் பற்றியது. நிறுவனமே தன் வண்டியை ஓட்டுநருக்குத் தவணையில் கொடுத்து, அதே வண்டியை அவரிடமிருந்து திரும்பக் குத்தகைக்கு எடுக்கும் 'லீஸ்-பர்ச்சேஸ்' முறையை இதே தராசில் வைப்பது பொருந்தாது. அங்கே லோடு தருபவரும் கடன் கொடுத்தவரும் ஒருவரே. லோடு குறைந்த வாரத்திலும் தவணை பிடிக்கப்படும். வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தால் பெரும்பாலும் வண்டியை விட்டுவிட்டே போகவேண்டும். ஆய்வுக்காகத் தாமே நெடுந்தூர லாரி ஓட்டிய சமூகவியலாளர் ஸ்டீவ் விசெல்லி, 2016இல் வெளிவந்த 'த பிக் ரிக்' நூலில், தொழில்முனைவோர் ஆகலாம் என்ற ஆசை எவ்வாறு செலவுகளை ஓட்டுநர் மீது இறக்கும் கருவியாகிறது என்று காட்டினார். 2019 ஜனவரியில் நியூ பிரைம் எதிர் ஒலிவேரா வழக்கில், போக்குவரத்துத் தொழிலாளருக்குக் கூட்டாட்சி நடுவர் சட்டத்தில் உள்ள விலக்கு ஒப்பந்தக்கார ஓட்டுநருக்கும் பொருந்தும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தங்களில் உள்ள நடுவர் மன்ற நிபந்தனையைக் கொண்டு அவரை நீதிமன்றத்துக்கு வரவிடாமல் தடுக்க அச்சட்டம் இனி உதவாது. 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட பணிக்குழு 2025 ஜனவரியில் தந்த அறிக்கை, இத்தகைய தவணைத் திட்டங்களைத் தடைசெய்யவே பரிந்துரைத்தது.

மானிடவியலாளர் மைக்கேல் ஏகர், சுயேச்சை லாரிக்காரர்களின் இக்கட்டுகளைப் பற்றி 1986இல் ஒரு நூல் எழுதினார். அவர் இளமையில் களப்பணி பயின்றது தென்னிந்தியாவின் ஒரு லம்பாடி ஊரில் என்பது தற்செயல்தான். எருதுகளின் முதுகில் பிறர் சரக்கைச் சுமந்து நாடெங்கும் திரிந்தவர்களின் வழித்தோன்றல்களிடம் தொடங்கியவர் அமெரிக்க லாரிக்காரரிடம் வந்து சேர்ந்தார். அவர் நூல் எழுதிய காலத்திலிருந்து மாறாதது சந்தையின் ஏற்ற இறக்கம். பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல், அன்றன்றைய விலைக்கு லோடு பேசும் உடனடிச் சந்தையின் வாடகை எகிறியபோது ஆயிரக்கணக்கானோர் குத்தகையை விட்டுத் தம் பெயரில் உரிமம் பெற்றனர். 2022இன் முதல் பாதியில் வாடகை சரிந்தது, ஜூனில் டீசல் காலனுக்கு 5.80 டாலரைத் தாண்டியது, வந்த வழியே திரும்பியவர்கள் பலர். ஏற்றத்தில் கணக்கிட்டால் நிறுவனத்தின் 30 சதவீதம் கொள்ளையாகவும், இறக்கத்தில் கணக்கிட்டால் மலிவாகவும் தோன்றும். ஒரு முழுச் சுற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்ப்பவர் குறைவு.

குத்தகையை விட்டு வெளியேறும் நாளின் செலவும் இந்தக் கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை. வெளியேறுபவர் நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் கதவிலிருந்து அகற்ற வேண்டும். அடையாளப் பலகைகளைத் திருப்பித் தரும்வரை இறுதிப் பணத்தை நிறுத்திவைக்க நிறுவனம் ஒப்பந்தத்தில் இடம் வைத்துக்கொள்ளலாம். வைப்புத்தொகை வர 45 நாள் ஆகலாம். பத்தாண்டு விபத்தின்றி ஓட்டியிருந்தாலும், அந்த ஓட்டமெல்லாம் நிறுவனத்தின் பதிவெண்ணில் எழுதப்பட்டது. தன் பெயரில் உரிமம் எடுத்து அவர் காப்பீட்டாளரின் முன் போய் நிற்கும்போது, பல காப்பீட்டாளர்களின் படிவத்தில் அவருடைய சொந்த நிறுவனத்தின் வயது பூஜ்யம்.